டாக்டர் பதில்கள்: முதுகெலும்பில் கிருமி, காலில் தடுமாற்றம்

இடுப்பு வலிக்கு எந்த மெத்தை நல்லது என்று போன இதழில் எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மெத்தையைப் பற்றியே. இலவம்பஞ்சா, தேங்காய் நாரா என்ற விவாதத்தை அடுத்த மாதம் வைத்துக்கொள்வோம். ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்த கடிதம் அப்படிக் காத்திருக்கக் கூடியது அல்ல. அவருக்குத் தபாலில் தனியாகவும் பதில் போட்டுவிட்டேன். அதே சங்கதியைத் தொடுகிற வேறு சில கடிதங்களையும் சேர்த்து இந்த மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, ஒட்டன்சத்திரம்

என் கணவருக்கு 52 வயது. காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற வேலை. சர்க்கரை உண்டு. நான்கு மாதமாக நடு முதுகில் வலி. டிஸ்க் விலகியிருக்கும் என்று பெல்ட்டும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு மாதமாக நடக்கும்போது கால் பின்னுகிறது. செருப்பு கழன்றுபோனதுகூடத் தெரியாமல் வீடு வரை வந்துவிடுகிறார். இப்போது எம்.ஆர்.ஐ. எடுத்ததில் முதுகில் 8, 9-வது எலும்புகள் அரித்து, சீழ் சேர்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறது, டி.பி.யாக இருக்கும் என்கிறார்கள். அவர் ஒருநாளும் இருமியதில்லை. இருமல் இல்லாமல் டி.பி. வருமா? ஆபரேஷன் கட்டாயமா? பழையபடி நடப்பாரா?

இருமல் இல்லாமலும் வரும் அம்மா. டி.பி. கிருமி மூச்சு வழியாக நுரையீரலுக்குள்தான் முதலில் போகிறது. நிறையப் பேருக்கு அங்கேயே சத்தமில்லாமல் அடங்கிக் கிடக்கும். சிலருக்கு அங்கிருந்து ரத்தத்தோடு கிளம்பி வேறு இடத்தில் குடியேறும். எலும்பில் குடியேறுவதென்றால் அதற்குப் பிடித்த இடம் முதுகெலும்பு. எலும்பு, மூட்டுகளில் வரும் டி.பி.யில் பாதியளவு முதுகெலும்பில்தான் வருகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதால் அதற்கு இன்னும் வசதி.

இந்தக் கிருமி மிகவும் மெதுவானது. ஒன்று இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய 20 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால் நோயும் மாதக்கணக்கில் ஊர்ந்து வரும். முள்ளெலும்பின் முன்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், பக்கத்து எலும்புக்கும் பரவும், சீழ் சேரும். சாதாரணக் கட்டி போல அந்த இடம் சுடாது, சிவக்காது. அதனால்தான் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை. உங்கள் கணவருக்கு வந்திருக்கும் இடத்தில் தண்டுவடம் போகிற குழாய் குறுகலானது. கொஞ்சம் சீழும் கொஞ்சம் எலும்புத் துணுக்கும் போதும், நரம்பு நெரிபட்டுவிடும். மூளையிலிருந்து காலுக்குப் போகிற செய்தியும், காலிலிருந்து மூளைக்குத் திரும்புகிற செய்தியும் அந்த இடத்தில் தடைபடுகின்றன. செருப்பு கழன்றது தெரியவில்லை என்று எழுதினீர்களே, எந்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும்விட எனக்கு அந்த வரிதான் உறைத்தது. வெளிநோயாளி பிரிவில் இருந்த காலத்தில் முதுகு வலி என்று வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்ட கேள்வி இது: "படி இறங்கும்போது காலைப் பார்த்துத்தான் வைக்கிறீர்களா?" ஆமாம் என்று சொல்கிறவருக்கு பெல்ட் கொடுத்து அனுப்பக் கூடாது.

மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு வலி என்றால் எல்லாரும் மூட்டையைத்தான் குற்றம் சொல்வார்கள். ஆனால் பளு தூக்கி வந்த வலி படுத்தால் பெரும்பாலும் தணியும். படுத்தும் தணியாத வலி, நடுராத்திரியில் எழுப்பிவிடுகிற வலி, சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, பசி இல்லாமை, இவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்தாலே இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் ஒரு எக்ஸ்ரேயையும் பார்த்துவிட வேண்டும். எக்ஸ்ரேயில் ஆரம்ப மாற்றங்கள் தெரியாது. சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ.தான்.

அடுத்தது, "டி.பி.யாக இருக்கும்" என்பதோடு நின்றுவிடக் கூடாது. புற்றுநோய் பரவியிருந்தாலும், வேறு கிருமிகள் இருந்தாலும் படம் சில சமயம் இப்படியே இருக்கும். சி.டி. ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் அந்த இடத்திலிருந்து சீழோ சதைத் துணுக்கோ எடுத்து சிபிநாட் என்ற மரபணுப் பரிசோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். சிபிநாட் இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடும். ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்து அந்தக் கிருமியிடம் எடுபடுமா என்பதையும் சேர்த்துச் சொல்லும். எடுபடாத கிருமி என்றால் மருந்துத் திட்டமே வேறு. கல்ச்சருக்கு வாரக்கணக்கில் ஆகும், இருந்தாலும் விடக் கூடாது.

சரி, ஆபரேஷன். 1950-களில் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்ற இரு மருத்துவர்கள் முன்பக்கமாகத் திறந்து, அரித்த எலும்பை முழுக்க எடுத்துவிட்டு ஒட்டெலும்பு வைக்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். உலகமே அதைப் பின்பற்ற ஆரம்பித்தது. இங்கே மெட்ராஸில், இப்போது சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று இருக்கிறதே, அதுதான் 1970-களில் நடக்க முடிகிற நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிலருக்கு அந்தப் பெரிய ஆபரேஷனும் மருந்தும், மற்றவர்களுக்கு வெறும் மருந்து. மருந்து மட்டும் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருந்தவர்கள் ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சளைக்கவில்லை. வாரணாசியில் டாக்டர் துளி 1975-ல் வெளியிட்ட 'நடுவழி' முறையும் இதே போக்கில்தான்: எல்லோருக்கும் மருந்து, தேவைப்படுகிறவருக்கு மட்டும் கத்தி. இன்று வரை நாங்கள் நடப்பது ஏறக்குறைய அந்த வழியில்தான்.

தேவை யாருக்கு? மருந்து தொடங்கிய பிறகும் கால் பலம் குறைந்துகொண்டே போகிறவருக்கு. மூன்று நான்கு வாரம் பார்த்தும் முன்னேற்றமே இல்லாதவருக்கு. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தவருக்கு. திடீரென்று இரண்டு காலும் விழுந்தவருக்கு. எலும்பு நொறுங்கி முதுகு ஆட்டம் காண்கிறவருக்கு, கூன் அதிகமாகிறவருக்கு. சீழ் அழுத்துவதால் வந்த பலவீனம் மருந்திலேயே நன்றாகத் தேறும், எலும்பே மடங்கி அழுத்தினால் மருந்துக்கு அது அவ்வளவாகக் கட்டுப்படாது. உங்கள் கணவருக்கு எது என்பதைப் படத்தையும் அவரையும் நேரில் பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும். அவர் ஆபரேஷன் என்று சொன்னால் என் பதிலைக் காட்டி வாதாட வேண்டாம்.

நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது, வாரம் ஒருநாள் ஒரே வராந்தாவில் அவரை நடக்க விட்டுப் பாருங்கள். பின்னல் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சிறுநீர் முக்கிப் போகிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மருந்து ஆரம்பித்த முதல் சில மாதங்களில் சிலருக்குச் சீழ்க்கட்டி பெரிதாகி, பிறகே சுருங்கும். ஸ்கேனும் உடம்பைவிடத் தாமதமாகவே தேறும். அதனால் மறு ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு இரவெல்லாம் அழாதீர்கள். மூட்டை தூக்கும் வேலை இப்போதைக்குக் கிடையாது. நடையைப் பொறுத்தவரை, ஒரு மாதத் தடுமாற்றத்தோடு, நடக்கிற நிலையிலேயே மருந்து தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே நடக்கிறார்கள்.

வாசகர், ராஜபாளையம்

முதுகெலும்பு டி.பி.க்கு மருந்து தொடங்கி மூன்று வாரம். சிறுநீர் ரத்தம் போலப் போகிறது. கட்டுக்குள் இருந்த சர்க்கரையும் ஏறிவிட்டது. வலி பாதி குறைந்துவிட்டதால் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமா?

நிறுத்தக் கூடாது. அந்த நிறம் ரிஃபாம்பிசின் தருவது. வியர்வை, கண்ணீர்கூட ஆரஞ்சாகும், வெள்ளைச் சட்டை பாழாகும், அவ்வளவுதான். சர்க்கரை ஏறியதற்கும் அதே மருந்து காரணமாக இருக்கலாம். கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் கல்லீரல் சீக்கிரம் கழித்துக் கட்டும்படி அது செய்துவிடும். சர்க்கரை டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றுங்கள், பலருக்குக் கொஞ்ச காலம் இன்சுலின் தேவைப்படும். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்களுக்கும் இதே சிக்கல் உண்டு, மாத்திரையை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

உடனே டாக்டரிடம் ஓட வேண்டிய விஷயங்கள் வேறு. கண் மஞ்சளாவது, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுவது, வாந்தி என்றால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். சிவப்பும் பச்சையும் மங்கலாகத் தெரிந்தால் அது எத்தாம்பியூட்டால் என்ற டி.பி. மருந்து கண் நரம்பைத் தொடுகிற அறிகுறி. பாதம் மதமதவென்று இருந்தால் ஐசோநயசிட் என்ற இன்னொரு டி.பி. மருந்து காரணமாக இருக்கலாம், பி6 வைட்டமின் கொடுப்பார்கள். மது இருந்தால் ஒரு சொட்டும் வேண்டாம்.

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு குறைந்தது பத்து மாதம் மூன்று மருந்து, மொத்தம் ஒரு வருடம். சிலருக்கு ஒன்றரை வருடம் வரை நீட்டுவார்கள். நுரையீரல் டி.பி.க்கு ஆறு மாதத்தில் முடிந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அவர் கணக்கு அவருக்கு. மருந்து அரசாங்கத்தில் இலவசம். டி.பி. நோயாளிகளுக்கான அரசாங்கப் பதிவேடான நிக்ஷயில் பதிவு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், தனியாரிடம் வைத்தியம் பார்த்தாலும் பதிவு உண்டு. சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தார்கள், 2024 நவம்பரிலிருந்து அது 1000 ரூபாய். முட்டையும் பயறும் வாங்கிச் சாப்பிடுங்கள்.

வாசகர், நாகர்கோவில்

என் தம்பிக்கு 38 வயது. தொடையில் வந்த கட்டியை வீட்டிலேயே பிதுக்கிவிட்டான். இரண்டு வாரம் கழித்துக் குளிர் காய்ச்சலும் தாங்க முடியாத முதுகு வலியும். மூன்றாம் நாள் காலை இரண்டு காலையும் தூக்க முடியவில்லை, சிறுநீரும் போகவில்லை. அன்றைக்கே ஆபரேஷன் செய்து சீழ் எடுத்தார்கள். அப்போதுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறான். இவ்வளவு வேகமாகவா வரும்?

வரும். இது டி.பி. அல்ல, பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. தோலிலும் மூக்கிலும் சாதுவாக உட்கார்ந்திருப்பது. மேலே சொன்ன டி.பி. கிருமி ஒருமுறை பெருக 20 மணி நேரம் என்றேன், இதற்கு வசதியான இடம் கிடைத்தால் அரை மணிகூட வேண்டாம். கட்டியைப் பிதுக்கியதில் ரத்தத்துக்குள் போய், தண்டுவடத்தின் உறைக்கு வெளியே இருக்கிற கொழுப்பு நிறைந்த இடைவெளியில் சீழாகச் சேர்ந்திருக்கிறது. அந்த இடைவெளி மேலிருந்து கீழ் வரை திறந்து கிடப்பது, சீழ் அதில் பல எலும்புகளின் நீளத்துக்கு ஓடிவிடும். நெரிபடுவது ஒருபக்கம், அந்த வீக்கத்தில் தண்டுவடத்துக்குப் போகிற ரத்த ஓட்டமே தடைபடுவது இன்னொரு பக்கம்.

இது படிப்படியாகத்தான் வருகிறது, ஆனால் படிகள் சில சமயம் மணிக்கணக்கில் கடந்துபோகும். முதலில் ஓர் இடத்தில் முதுகு வலி. பிறகு அங்கிருந்து விலா வழியாகவோ கால் வழியாகவோ மின்சாரம் போல இழுக்கும். அப்புறம் கால் பலவீனம், சிறுநீர்ச் சிக்கல். கடைசியில் கால் முழுவதும் செயலிழக்கும். இந்தக் கடைசிப் படி வந்து 24 முதல் 36 மணி நேரத்துக்கு மேல் போய்விட்டால் திரும்பக் கிடைப்பது அபூர்வம். உங்கள் தம்பியை அன்றைக்கே ஆபரேஷன் மேசைக்குக் கொண்டுபோனவர்களுக்கு நன்றி சொல்லுங்கள்.

காய்ச்சல், முதுகு வலி, கால் பலவீனம் மூன்றும் சேர்ந்து வரும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நிஜத்தில் மூன்றும் சேர்ந்து வருவது குறைவு. வலி மாத்திரை காய்ச்சலை அமுக்கியிருக்கும். ஆகவே சர்க்கரை உள்ளவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், அதிகம் குடிப்பவர், சமீபத்தில் கட்டியோ பாதப் புண்ணோ வந்தவர், முதுகில் ஊசி போட்டுக்கொண்டவர், இவர்களுக்குப் புதிதாகக் கடுமையான முதுகு வலியோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. கால் மரத்தாலோ, உட்காருகிற இடம் உணர்ச்சியற்றுப் போனாலோ, சிறுநீர் நின்றாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி 11 மணியானாலும் 108-ஐக் கூப்பிட்டு, எம்.ஆர்.ஐ.யும் அறுவை சிகிச்சை நிபுணரும் இருக்கிற இடத்துக்கே நேராகப் போங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் அதுவே போதும். சின்ன நர்சிங் ஹோமில் ஒரு ராத்திரி குளுகோஸ் ஏற்றிப் பார்ப்பதில் போகிற நேரத்தில் காலே போய்விடும்.

தம்பிக்கு ரத்தக் குழாய் வழியாக ஆன்டிபயாடிக் குறைந்தது ஆறு வாரமாவது ஓடும். நடுவில் வீட்டுக்கு வரத் தவிப்பான், விடாதீர்கள். பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்பது நல்ல செய்தி. நரம்பு தேறுவது மாதக்கணக்கில் நடக்கும், பிசியோதெரபியை அதுவரை விட வேண்டாம். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவே அடுத்த கிருமிக்கு வாசல்.

வாசகி, அருப்புக்கோட்டை

முதுகு வலி, காய்ச்சல் என்று மெடிக்கலில் சொன்னேன். லெவோஃப்ளாக்சசின் கொடுத்தார்கள். சரியாகிவிட்டது. பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. அதையே வாங்கலாமா?

வேண்டாம். அந்த மருந்து டி.பி. கிருமியை முழுவதும் கொல்லாமல் அரைகுறையாக அடக்கிப் போடும். பிறகு பரிசோதனையில் கிருமி சரியாகத் தெரியாது, நோய் மட்டும் உள்ளே வளரும். கடைக்காரர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். நீங்கள் போக வேண்டியது எலும்பு டாக்டரிடம், எடுத்துப் போக வேண்டியது அந்தக் காலி அட்டையை.

ஆடு வளர்ப்பவர், புதுக்கோட்டை மாவட்டம்

இரண்டு மாதமாகக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருக்கிறது. ராத்திரி வியர்த்துக் கொட்டுகிறது. இடுப்புக்கு மேலே வலி. எம்.ஆர்.ஐ.யில் இரண்டு எலும்பிலும் நடுவில் உள்ள டிஸ்க்கிலும் கிருமி இருக்கிறது என்று டி.பி. மருந்து கொடுக்கப் போகிறார்கள். நாற்பது ஆடு இருக்கிறது.

நாற்பது ஆடு என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். குட்டி போடும்போது வெறும் கையால் இழுத்து எடுத்தீர்களா? கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிப்பீர்களா? கருச்சிதைவான ஆடு இருந்ததா? புரூசெல்லா என்று ஒரு கிருமி ஆடு மாடுகளிடமிருந்து இப்படித்தான் வரும். ஏறி இறங்கும் காய்ச்சல், வியர்வை, இடுப்பு வலி எல்லாம் அதற்கும் பொருந்தும். சிலருக்கு அதுவும் சீழ் கட்டி நரம்பை அழுத்தும். ரத்தத்தில் அதற்கென்று பரிசோதனை இருக்கிறது, ரத்தக் கல்ச்சரும் எடுக்க வேண்டும். கல்ச்சர் செய்யும் லேபுக்கு முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்லுங்கள், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அது தொற்றக் கூடியது.

டாக்சிசைக்ளினோடு ரிஃபாம்பிசினோ ஊசி மருந்தோ சேர்த்துக் கொடுப்பார்கள், முதுகெலும்பு என்றால் மூன்று மாதமாவது ஆகும். ரிஃபாம்பிசின் இரண்டு நோய்க்கும் பொது. ஆகவே டி.பி. மருந்து தொடங்கியதும் பாதி தேறியது போலத் தோன்றி ஏமாற்றும். மருந்துக்கு முன்னாலேயே இரண்டையும் சோதித்துவிட வேண்டும் என்று சொல்வது அதனால்தான். கால்நடை மருத்துவரையும் கூப்பிட்டு மந்தையைப் பாருங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள், பிரசவம் பார்க்கும்போது கையுறை போடுங்கள்.

வாசகர், ஆண்டிப்பட்டி

அப்பாவுக்கு முதுகில் எலும்பு புடைத்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் விட்டு நீவி உள்ளே தள்ளலாம் என்கிறார் ஒருவர். புத்தூர் கட்டும் நல்லது என்கிறார்கள்.

கிருமி அரித்த எலும்பை அமுக்கினால் அது உள்ளே போகும்தான், நேராகத் தண்டுவடத்தின் மேல். அந்த ஒருவரை வாசலோடு அனுப்பிவிட்டு எக்ஸ்ரே எடுங்கள்.

நர்சிங் மாணவி, தஞ்சாவூர்

முதுகெலும்பு டி.பி.யை 'பாட் நோய்' என்று ஏன் சொல்கிறார்கள்?

பெர்சிவல் பாட் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணர். முதுகு கூனியவர்களுக்குக் கால் விழுவதைப் பற்றி 1779-ல் எழுதினார். கூனின் இரு பக்கமும் வேண்டுமென்றே புண் உண்டாக்கி வடியவிட்டார், சிலர் எழுந்து நடந்தார்கள். டி.பி. கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கண்டுபிடித்து அறிவித்தது 1882 மார்ச் 24, அதாவது பாட் எழுதி நூறு வருடம் கழித்து. நோய் அதைவிடப் பழையது, எகிப்திய மம்மிகளின் முதுகெலும்பிலேயே அடையாளம் இருக்கிறது. புகைபோக்கி துடைக்கும் பையன்களுக்குப் பின்னாளில் வருகிற விதைப்பைத் தோல் புற்றுநோய்க்குக் புகைக்கரிதான் காரணம் என்று 1775-ல் சொன்னதும் இதே பாட்தான். தேர்வில் கேட்க மாட்டார்கள், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாய், பொள்ளாச்சி

என் மகளுக்கு 9 வயது. முதுகெலும்பு டி.பி. முழுமையாகக் குணமாகிவிட்டது, மருந்தும் முடிந்தது. லேசான கூன் இருக்கிறது. வளர்ந்து முடியும் வரை அடிக்கடி எக்ஸ்ரே எடுக்க வர வேண்டும் என்கிறார்கள். குணமான பிறகு எதற்கு?

பெரியவர்களுக்கு நோய் ஆறினால் கூனும் அநேகமாக அங்கேயே நின்றுவிடும். குழந்தைக்கு எலும்பு வளர்கிறது. அரித்த முன்பக்கம் வளராமல் பின்பக்கம் மட்டும் வளர்ந்தால் கூன் வருடா வருடம் கூடும். மேலே சொன்ன மெட்ராஸ் ஆய்வில் மருந்து மட்டும் சாப்பிட்டுக் குணமான குழந்தைகளைக் கோவையைச் சேர்ந்த டாக்டர் எஸ். ராஜசேகரன் 15 வருடம் தொடர்ந்து பார்த்து, யாருக்குக் கூன் மோசமாகும் என்று முன்கூட்டியே காட்டுகிற நான்கு எக்ஸ்ரே அடையாளங்களை 2001-ல் வெளியிட்டார். உலகம் முழுக்க இன்று பயன்படுத்துகிறார்கள். உங்கள் டாக்டர் தேடுவது அவற்றைத்தான். தெரிந்தால் சீக்கிரமே சின்ன ஆபரேஷனில் தடுத்துவிடலாம். தவறவிட்டால் இருபது வருடம் கழித்துக்கூட, கிருமியே இல்லாத நிலையில், மடங்கிய எலும்பின் மேல் தண்டுவடம் இழுபட்டுக் கால் பலவீனமாகலாம். மகளுக்கு நல்லபடியே ஆகும் வாய்ப்புதான் அதிகம், ஆனாலும் ஒரு தேதியையும் விடாதீர்கள். பழைய படங்களைப் பரணில் போட்டுவிடாமல் ஒவ்வொரு முறையும் எடுத்துப் போங்கள்.

வாசகி, விருத்தாசலம்

கணவருக்கு முதுகெலும்பு டி.பி. தட்டு, டம்ளர், படுக்கை எல்லாம் தனியாக வைக்க வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் போகக் கூடாது என்கிறார் மாமியார்.

முதுகெலும்பில் மட்டும் இருக்கிற டி.பி. யாருக்கும் தொற்றாது. நுரையீரலிலும் இருக்கிறதா என்று ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, சளி இருந்தால் சளிப் பரிசோதனை. இரண்டும் சுத்தம் என்றால் ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தைகள் மேலே ஏறி விளையாடலாம், முதுகில் ஏறாமல் இருந்தால் சரி. சளியில் கிருமி இருந்தாலும் அது பரவுவது காற்றில்தான், தட்டிலும் டம்ளரிலும் அல்ல. மாமியார் என் பேச்சை நம்பவில்லை என்றால் அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போய், அங்கே இருக்கிற நர்ஸம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.